விஞ்ஞானக் கல்வியும் அயன்மொழிப் பயிற்சியும்

கல்வி ஒன்றே, கற்பிக்கும் வசதி நோக்கி அதனைத் துறைகளாக வகுத்தவர் மக்கள். வகுத்த துறைகள் நாளடைவில் வேலிகளாயின. விஞ்ஞானம் பயிலும் மாணவனுக்கு அயன்மொழிப் பயிற்சி வேண்டற்பாலதன்று என்பதும், மொழி பயில்வானுக்கு விஞ்ஞானம் புறம்பானது என்பதும் பலரிடத்து வேரூன்றிய எண்ணங்களாம். ஆய்வுகூடத்திற் சோதனைக்குழாயைப் பிடிக்குங் கை அயன்மொழி அகராதியைப் புரட்டுவது எதற்கு என்று வினவுவோரும் உளர். அவ்வினாவிற்கு வரலாறு தரும் விடை தெளிவானது. கடந்த இருநூறு ஆண்டுகளில் விஞ்ஞானம் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டிற்குச் சென்ற பல வேளைகளில், விஞ்ஞானத்தோடு மொழியையும் பயின்ற மாணவரே அதற்குப் பாலமாய் நின்றனர். அத்தகையோர் இல்லாத இடங்களிற் புதிய கருத்துக்கள் வாயிலிலே காத்து நின்றன. சிலபோது உருத்திரிந்து உட்புகுந்தன. இவ்வுண்மையைப் பல்கலைக்கழக வரலாற்றிலிருந்து எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மத்திய காலந்தொட்டு ஐரோப்பியப் பல்கலைக்கழகங்களில் இலத்தீனே கல்விமொழியாய் விளங்கிற்று. போலந்து நாட்டிற் பிறந்த கொப்பணிக்கஸ் 1543ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலை இத்தாலியிலும் இங்கிலாந்திலும் இருந்த அறிஞர் மொழிபெயர்ப்பாளர் துணையின்றியே படித்தனர். பின்னர் இந்நிலை மாறலாயிற்று. கலிலியோ 1632ஆம் ஆண்டில் வெளியிட்ட உலக அமைப்புக்கள் பற்றிய உரையாடலைத் தம் தாய்மொழியாகிய இத்தாலியத்திலே எழுதினார். நியூற்றன் 1687ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘பிரின்சிப்பியா’ இலத்தீனில் அமைந்தது; 1704ஆம் ஆண்டில் வெளியிட்ட ஒளியியல் நூலோ ஆங்கிலத்தில் அமைந்தது. ஆயினும் ஐரோப்பாக் கண்டத்து அறிஞர் ஆங்கிலம் அறியாராதலின், அவ்வொளியியல் நூலுக்கு 1706ஆம் ஆண்டிலேயே இலத்தீன் மொழிபெயர்ப்பு வெளியிட வேண்டியதாயிற்று. ஒரே அறிஞரின் இரு நூல்களில் ஒரு யுகம் மறைந்து மற்றொரு யுகம் தோன்றுவதைக் காணலாம்.

தாய்மொழியில் விஞ்ஞானம் எழுதப்பெற்றமையால் விளைந்த நன்மை பெரிது. இலத்தீன் அறியாத கம்மியரும், மாலுமிகளும், கருவி செய்வோரும், ஆர்வமுள்ள பெண்டிரும் அறிவுலகிற் புகுந்தனர். ஆனால் அந்நன்மைக்கு ஒரு விலையும் இருந்தது. முன்னர் ஒரு மொழி கற்றவன் ஐரோப்பிய அறிவு முழுவதையும் எட்டினான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரசாயனம் பயின்றவன் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜேர்மன் ஆகிய மூன்றனையும் அறிந்தாலன்றித் தன் துறையில் நிகழ்வனவற்றை முழுமையாக அறிய முடியவில்லை. இக்கால மொழிகள் விஞ்ஞான மாணவனுக்கு அணிகலன் என்ற நிலை நீங்கி, தராசும் வெப்பமானியும் போன்ற கருவிகளாயின.

பல்கலைக்கழகங்களுள் விஞ்ஞானமும் இக்கால மொழிகளும் நுழைந்த வரலாறும் நோக்கற்பாலது. இங்கிலாந்தின் பழம்பெரும் பல்கலைக்கழகங்களிற் கிரேக்கமும் இலத்தீனும் கணிதமுமே நெடுங்காலம் அரசோச்சின. 1828ஆம் ஆண்டிற் கற்பித்தலைத் தொடங்கிய இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி, விஞ்ஞானத்தையும் இக்கால மொழிகளையும் தொடக்கத்திலேயே தன் பாடங்களாக ஏற்றது. கேம்பிறிட்ஜிலோ இயற்கை விஞ்ஞானத்திற்கான சிறப்புத் தேர்வு 1851ஆம் ஆண்டிலேதான் முதன்முதல் நடைபெற்றது. மத்திய கால, இக்கால மொழிகளுக்கான தேர்வு 1886ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. எல்லா மாணவரும் கிரேக்கம் கற்கவேண்டும் என்ற விதியைக் கேம்பிறிட்ஜ் 1919ஆம் ஆண்டிலும் ஒக்ஸ்போட் 1920ஆம் ஆண்டிலும் நீக்கின. ஆகவே இன்று எதிரெதிர்த் துருவங்களாகக் கருதப்படும் இவ்விரு கல்விகளும் ஒரு காலத்தில் ஒரே கதவைத் தட்டி நின்ற தோழர்கள் என்பது புலனாகும். பழைய செவ்வியல் மொழிகளின் ஆட்சிக்கு எதிரே இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்தில் இடந்தேடின.

ஜேர்மன் நாட்டிலோ நிலைமை வேறு. லீபிக் என்னும் இரசாயனப் பேராசிரியர் 1824ஆம் ஆண்டிற் கீசன் நகரிற் பணியேற்று, மாணவர் தம் கையாற் செய்து கற்கும் ஆய்வுகூட முறையை வளர்த்தார். அதன் புகழ் கேட்டுப் பல நாட்டு மாணவரும் அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களை நாடினர். அவர்களுள் இருவர் பிராங்லண்ட், டிண்டல் என்போர். இங்கிலாந்தில் ஒரே பள்ளியில் ஆசிரியராயிருந்த இவ்விருவரும் 1848ஆம் ஆண்டில் மார்பேக் பல்கலைக்கழகத்திற்குப் புறப்பட்டனர். டிண்டல் செல்வக் குடியிற் பிறந்தவரல்லர். இருப்புப்பாதை அளவையாளராக உழைத்துச் சேர்த்த பொருளைக் கொண்டே அவர் சென்றார். அங்குப் பன்சன் முதலியோரிடம் ஜேர்மன் மொழியிலேயே பாடங்கேட்டு, பிராங்லண்ட் 1849ஆம் ஆண்டிலும் டிண்டல் 1850ஆம் ஆண்டிலும் கலாநிதிப் பட்டம் பெற்றனர்.

டிண்டல் பெற்ற மொழியறிவு பட்டத்தோடு முடிந்துவிடவில்லை. சக்தி அழியாது, உருவே மாறும் என்பதனை நிறுவி எல்ம்ஹோல்ற்ஸ் 1847ஆம் ஆண்டில் ஜேர்மன் மொழியில் எழுதிய கட்டுரையை அவர் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். அம்மொழிபெயர்ப்பு 1853ஆம் ஆண்டில், அயல்நாட்டு விஞ்ஞானக் கட்டுரைகளின் தொகுதியொன்றில் வெளிவந்தது. அக்காலத்து ஆங்கிலப் பௌதிகரின் தலைவராய் விளங்கிய பரடே ஜேர்மன் மொழி அறியாதவர். அக்குறைபற்றி அவர் வருந்தியதும் உண்டு. பேரறிஞர் ஒருவருக்கு மூடியிருந்த வாயிலை இளைஞர் ஒருவரின் மொழிப்பயிற்சி திறந்து வைத்தது. மொழி கற்ற விஞ்ஞானி தனக்காக மட்டும் கற்பதில்லை என்பதற்கு இது தக்க சான்றாகும்.

அமெரிக்க மாணவரும் இவ்வழியே சென்றனர். இரா றெம்சன் என்பார் 1870ஆம் ஆண்டிற் கேட்டிங்கன் பல்கலைக்கழகத்திற் பட்டம் பெற்று நாடு திரும்பினார். ஜேர்மன் முறையைத் தழுவி 1876ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் அவர் முதல் இரசாயனப் பேராசிரியரானார். கலாநிதிப் பட்டம் பெறுவோர் ஜேர்மன், பிரெஞ்சு ஆகிய மொழிகளிற் கட்டுரைகளைப் படிக்கும் ஆற்றல் உடையராதல் வேண்டும் என்னும் நிபந்தனை அமெரிக்கப் பல்கலைக்கழகங்களிற் படிப்படியாகப் பரவிற்று. மாணவர் பலர் இதனை ஒரு சுமையெனவே கருதினர். எனினும் அந்நிபந்தனை ஆய்வுக்கல்வியின் இயல்பிலிருந்தே பிறந்தது. பிறர் செய்து முடித்ததை அறியாதவன் புதியது செய்தேன் என்று கூறல் ஒவ்வாது. பிறர் செய்தவற்றுள் ஒரு பெரும் பகுதி அயன்மொழியில் இருந்தது.

மொழியறிவின் குறைவால் நேரக்கூடிய இடரை ஒரு நிகழ்ச்சி நன்கு விளக்கும். மூலகங்களை அவற்றின் அணுநிறை வரிசையில் அமைக்குமிடத்து, அவற்றின் இயல்புகள் குறித்த இடைவெளிகளில் மீண்டும் மீண்டும் தோன்றுகின்றன என்பதை ருஷ்ய அறிஞர் மெண்டலேயெவ் 1869ஆம் ஆண்டிற் கண்டு தம் மொழியில் வெளியிட்டார். மேற்கு ஐரோப்பிய இரசாயனருள் ருஷ்ய மொழி அறிந்தார் மிகச் சிலரே. அக்கட்டுரையின் சுருக்கம் ஒன்று அவ்வாண்டிலேயே ஜேர்மன் சஞ்சிகையில் வெளிவந்தது. ஆனால் ‘ஆவர்த்தனம்’ என்ற பொருள்தரும் ருஷ்யச் சொல், ‘படிப்படியாக’ என்ற பொருள்தரும் ஜேர்மன் சொல்லாற் பெயர்க்கப்பட்டது. மீண்டும் மீண்டும் வருதல் வேறு. படிப்படியாக மாறுதல் வேறு. கண்டுபிடிப்பின் உயிர்நிலை அந்த ஒரு சொல்லிலேதான் இருந்தது. ஜேர்மன் அறிஞர் லோதர் மேயர் அதே துறையில் தாம் கண்டவற்றை 1870ஆம் ஆண்டில் வெளியிட்டார். முதலிற் கண்டவர் யார் என்ற தகராறு பின்னர் எழுந்தபோது இம்மொழிபெயர்ப்புப் பிழையும் அதனுட் கலந்தது. இலண்டன் றோயல் சங்கம் 1882ஆம் ஆண்டில் டேவி பதக்கத்தை இருவருக்கும் சேர்த்தே வழங்கியது. இரசாயனத்தை மட்டும் அறிந்தவனுக்கும் மொழியை மட்டும் அறிந்தவனுக்கும் அப்பிழை புலப்படாது. இரண்டையும் அறிந்தவனே அதனைக் கண்டுகொள்ள வல்லவன்.

1914ஆம் ஆண்டில் மூண்ட உலகப்போர் இத்தொடர்புகளை அறுத்தது. சாயப்பொருள்கள், மருந்துகள், ஒளியியற் கண்ணாடி ஆகியவற்றிற்கு ஜேர்மனியையே பெரிதும் நம்பியிருந்த பிரித்தானியா, தன் கல்விமுறையின் குறைகளை அப்போதுதான் உணர்ந்தது. 1916ஆம் ஆண்டில் அரசாங்கம் இரு குழுக்களை நியமித்தது. ஒன்று ஜே. ஜே. தொம்சன் தலைமையில் விஞ்ஞானக் கல்வியை ஆராய்ந்தது. மற்றொன்று ஸ்ரான்லி லீத்ஸ் தலைமையில் இக்கால மொழிக் கல்வியை ஆராய்ந்தது. இரு குழுக்களின் அறிக்கைகளும் 1918ஆம் ஆண்டில் வெளிவந்தன. ஒரு நாட்டின் வலிமைக்கு விஞ்ஞானமும் அயன்மொழியும் ஒருங்கே வேண்டற்பாலன என்பதை அந்நாடு போர்க்களத்திலே கற்றுக்கொண்டது எனலாம். ஆயினும் போரின் வெறுப்பு உடனே தணியவில்லை. 1919ஆம் ஆண்டில் வெற்றிபெற்ற நாடுகள் அமைத்த அனைத்துலக ஆராய்ச்சி மன்றத்திலே ஜேர்மன் அறிஞர்க்கு 1926ஆம் ஆண்டுவரை இடமளிக்கப்படவில்லை. அமெரிக்காவின் மாநிலங்கள் பலவற்றிற் பள்ளிகளில் ஜேர்மன் கற்பித்தலே தடைசெய்யப்பட்டது. இளஞ்சிறார்க்கு அயன்மொழி கற்பித்தலைத் தடுத்த சட்டம் செல்லாது என்று அந்நாட்டு உயர்நீதிமன்றம் 1923ஆம் ஆண்டிலே தீர்ப்பளித்தது.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஜேர்மன் மொழியைப் புறக்கணித்து நின்ற அவ்வேளையில், அம்மொழியை அகராதியுங் கையுமாய் இருந்து கற்ற இளைஞர் இருவர் கல்கத்தாவில் இருந்தனர். ஒருவர் மேகநாத சாகா; மற்றவர் சத்தியேந்திரநாத் போஸ். சாகா 1893ஆம் ஆண்டில் டாக்கா நகரை அடுத்த சிற்றூர் ஒன்றிற் சிறு கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர். போஸ் 1894ஆம் ஆண்டிற் கல்கத்தாவிற் பிறந்தவர். பிரசிடென்சிக் கல்லூரியில் ஒருசாலை மாணாக்கராய்ப் பயின்ற இருவரும் 1915ஆம் ஆண்டிற் கணிதத்தில் எம்.எஸ்ஸி. தேர்வெழுதி, போஸ் முதலாம் இடத்தையும் சாகா இரண்டாம் இடத்தையும் பெற்றனர். அசுதோஷ் முகர்ஜியின் முயற்சியால் 1914ஆம் ஆண்டிற் கல்கத்தாப் பல்கலைக்கழகம் நிறுவிய விஞ்ஞானக் கல்லூரியில் இருவரும் விரிவுரையாளராயினர்.

கற்பிக்க வேண்டியனவோ புதிய பாடங்கள். குவாண்டம் கொள்கையும் சார்புக் கொள்கையும் உருவாகிக்கொண்டிருந்த காலம் அது. அவைபற்றிய நூல்கள் பெரும்பாலும் ஜேர்மன் மொழியில் இருந்தன. போரின் காரணமாகப் புதிய சஞ்சிகைகளும் வந்துசேரவில்லை. சாகா டாக்காக் கல்லூரியில் இன்டர்மீடியட் வகுப்பிற் பயின்ற காலத்திலேயே ஜேர்மன் மொழியை ஒரு பாடமாக எடுத்தவர். விஞ்ஞான மாணவன் ஒருவன் அன்று அதனை எடுத்தது பலருக்கு வியப்பாகத் தோன்றியிருக்கலாம். போஸும் அம்மொழியைக் கற்று, கல்கத்தாவிற்கு அண்மையிற் பணியாற்றிய புரூல் என்னும் ஆசிரியரிடம் ஜேர்மன் நூல்களை இரவல் பெற்றுப் படித்தார். ஆசிரியர்களே மாணவராய் மாறி, மாலையிற் கற்றதை மறுநாட் காலையிற் கற்பித்தனர் என்று சொல்லும்படி அவர்தம் நிலை இருந்தது.

1919ஆம் ஆண்டு மே மாதத்துச் சூரிய கிரகணத்தின்போது பெற்ற அளவீடுகள் ஐன்ஸ்டைனின் கொள்கையை மெய்ப்பித்தன என்ற செய்தி அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் உலகெங்கும் பரவிற்று. ஐன்ஸ்டைன் என்ற பெயரை எல்லோரும் அறிந்தனர். அவர் எழுதியதைப் படித்தவரோ சிலர். சாகாவும் போஸும், ஐன்ஸ்டைனும் மின்கோவ்ஸ்கியும் எழுதிய மூலக்கட்டுரைகளை ஜேர்மன் மொழியிலிருந்து ஆங்கிலத்திற் பெயர்த்தனர். 1905ஆம் ஆண்டின் கட்டுரையைச் சாகாவும், 1916ஆம் ஆண்டிற் பொதுச் சார்புக் கொள்கையை விளக்கிய கட்டுரையைப் போஸும் மொழிபெயர்த்தனர். மகலனோபிஸ் எழுதிய வரலாற்று முன்னுரையோடு அத்தொகுதியைக் கல்கத்தாப் பல்கலைக்கழகம் 1920ஆம் ஆண்டில் வெளியிட்டது. ஆங்கில மொழிபெயர்ப்புரிமை இலண்டன் பதிப்பகம் ஒன்றிடம் இருந்தமையால், இந்நூல் இந்தியாவிற்குள் வழங்குவதற்கு ஐன்ஸ்டைன் இசைவளித்தார். அவ்விலண்டன் பதிப்பகத்தின் தொகுதி 1923ஆம் ஆண்டிலேதான் வெளிவந்தது. ஆகவே புதிய பௌதிகத்தின் மூலநூல்களைக் கல்கத்தா மாணவர், இங்கிலாந்து மாணவர்க்கு முன்னரே தாமறிந்த மொழியில் தொகுதியாகப் பெற்றனர்.

மொழிப்பயிற்சி இவ்விருவர்க்கும் மொழிபெயர்ப்பாளர் என்ற பெயரை மட்டும் தந்திருந்தால் இவ்வரலாறு இத்துணைச் சிறப்புடையதாகாது. அது கண்டுபிடிப்பிற்கே வழிவகுத்தது. நேர்ன்ஸ்டின் மாணவர் எகெர்ட் என்பவர் 1919ஆம் ஆண்டில் ஜேர்மன் பௌதிகச் சஞ்சிகை ஒன்றில், விண்மீன்களின் உள்ளே மிகுந்த வெப்பநிலையில் அணுக்கள் இலத்திரன்களை இழக்கும் நிலைபற்றி எழுதினார். அதனைப் படித்துக்கொண்டிருந்த சாகா, எகெர்ட் கையாண்ட இரசாயன முறை சரியானதே எனினும், ஒவ்வொரு மூலகத்தின் அணுவிலிருந்தும் இலத்திரனைப் பிரித்தற்கு வேண்டிய சக்தியின் உண்மையான அளவை அவர் அதிற் சேர்க்கவில்லை என்பதைக் கண்டார். அவ்வளவைச் சேர்த்து, வெப்பநிலையும் அமுக்கமும் தரப்பட்டால் ஒரு மூலகத்தின் அணுக்களுள் எத்தனை பங்கு அயனாகும் என்பதைத் தரும் சமன்பாட்டை அவர் வகுத்தார். சூரியனின் நிறமண்டலத்திற்கு அதனைப் பயன்படுத்திய கட்டுரை 1920ஆம் ஆண்டில் ஆங்கிலச் சஞ்சிகையில் வெளிவந்தது.

சாகாவின் சமன்பாடு வரும்வரை விண்மீன்களின் நிறமாலைக் கோடுகள் வகைப்படுத்தப்பட்டனவேயன்றி, அவ்வகைகளின் காரணம் தெளிவாகவில்லை. அச்சமன்பாட்டால் நிறமாலைக் கோடுகள் விண்மீனின் வெப்பநிலையைக் கூறும் எழுத்துக்களாயின. சிசிலியா பெயின் என்ற பெண்மணி 1925ஆம் ஆண்டில் அதனைக் கருவியாகக் கொண்டே, விண்மீன்களில் ஐதரசனே பெரும்பான்மையாய் உள்ளது என்ற முடிவிற்கு வழிகாட்டினார். விண்மீனின் மொழியை உலகம் படிப்பதற்கு, வங்க இளைஞர் ஒருவர் முன்னரே ஜேர்மன் மொழியைப் படித்திருந்தமை துணையாயிற்று.

போஸின் வாழ்வில் இவ்வரலாறு மற்றொரு வகையில் நிறைவுற்றது. 1921ஆம் ஆண்டில் டாக்காப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்த அவர், பிளாங்கின் கதிர்வீசல் விதியைப் பழைய மின்னியக்கவியலின் துணையின்றி, ஒளித்துகள்களை எண்ணும் புதிய முறையொன்றால் நிறுவிச் சிறு கட்டுரை ஒன்றை ஆங்கிலத்தில் எழுதினார். 1924ஆம் ஆண்டு ஜூன் மாதம் 4ஆம் நாள் அதனை ஐன்ஸ்டைனுக்கு அனுப்பினார். கட்டுரையைத் தாமே பெயர்த்தெழுதுவதற்குத் தமக்கு ஜேர்மன் மொழியிற் போதிய ஆற்றல் இல்லை என்றும், தகுதியுடையதெனக் கருதின் அதனை ஜேர்மன் சஞ்சிகையில் வெளியிட உதவ வேண்டும் என்றும் அவர் கேட்டுக்கொண்டார். ஐன்ஸ்டைன் கட்டுரையைத் தாமே ஜேர்மன் மொழியிற் பெயர்த்து, அது முக்கியமானதொரு முன்னேற்றம் என்ற குறிப்போடு வெளியிடச் செய்தார். போஸ்–ஐன்ஸ்டைன் புள்ளியியல் என உலகம் வழங்குவது அதிலிருந்து பிறந்ததாகும். நான்கு ஆண்டுகளுக்கு முன் ஆசிரியரின் கட்டுரையை மாணவர் மொழிபெயர்த்தார். இப்போது மாணவரின் கட்டுரையை ஆசிரியர் மொழிபெயர்த்தார். அறிவுலகிற் கொடுக்கல் வாங்கல் இவ்வளவு அழகாக நிகழ்தல் அரிது.

இங்கு ஒன்று கருதத்தக்கது. ஜேர்மன் மொழியைப் படித்துப் பொருளறியும் ஆற்றல் போஸிடம் இருந்தது. எழுதும் ஆற்றல் போதாதென அவரே எண்ணினார். விஞ்ஞான மாணவனுக்கு அயன்மொழியிற் புலமை வேண்டும் என்றால், கவிபாடும் புலமை வேண்டும் என்பது பொருளன்று. துறைநூலைப் பிறர் உதவியின்றிப் படித்தறியும் அளவு வாய்த்தாலே பெரும்பயன் விளையும். போஸ் 1924 முதல் 1926 வரை ஐரோப்பாவிற் பாரிசிலும் பேர்லினிலும் தங்கி அறிஞரோடு பழகியமைக்கு அவருடைய பிரெஞ்சு, ஜேர்மன் மொழிப்பயிற்சிகள் துணைநின்றன.

அயன்மொழிகளைக் கற்றவர் தாய்மொழியை மறப்பர் என்னும் அச்சத்திற்கும் போஸின் வாழ்வே மறுமொழியாகும். தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்க இயலாது என்போரை அவர் வன்மையாக மறுத்தார். இரவீந்திரநாத் தாகூர் வங்க மொழியில் எழுதி 1937ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘விசுவ பரிசயம்’ என்ற விஞ்ஞான நூலைப் போஸுக்கே காணிக்கையாக்கினார். 1948ஆம் ஆண்டிற் போஸ் வங்க விஞ்ஞான மன்றத்தை நிறுவி, ‘ஞானமும் விஞ்ஞானமும்’ என்று பொருள்படும் பெயரோடு வங்க மொழிச் சஞ்சிகை வெளிவரச் செய்தார். பல மொழிகளில் அறிவு எவ்வாறு வாழ்கிறது என்பதைக் கண்டவர்க்கே, தம் மொழியிலும் அது வாழக்கூடும் என்ற துணிவு பிறக்கும். ஒரு மொழியில் மட்டும் விஞ்ஞானம் கற்றவன் அம்மொழியையே விஞ்ஞானம் எனக் கருதி மயங்குதல் எளிது.

தமிழர் கல்வி வரலாற்றிலும் இவ்வுண்மைக்குச் சான்று உண்டு. மட்டக்களப்பின் காரைதீவில் 1892ஆம் ஆண்டிற் பிறந்த விபுலாநந்த அடிகள் கொழும்பிற் பொறியியற் கல்வி பயின்று, இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதரும் அவரே. மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபராயும் அவர் பணியாற்றினார். சேக்ஸ்பியரின் நாடகத் திறத்தை ஆராய்ந்து ‘மதங்க சூளாமணி’யைத் தந்த அவரே, 1936ஆம் ஆண்டிற் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்க மாநாட்டிற்குத் தலைமை தாங்கினார். 1947ஆம் ஆண்டில் அரங்கேறிய ‘யாழ் நூல்’ பழந்தமிழ் இலக்கியத்தையும் ஒலியின் பௌதிகத்தையும் கணிதத்தையும் ஒருங்கு கற்ற ஒருவராலன்றி எழுதப்பட்டிருக்க இயலாது. கலைச்சொல் ஒன்றை ஆக்குவோன் மூலமொழியில் அச்சொல்லின் பொருளையும், துறையில் அதன் பயனையும், தாய்மொழியில் அதற்கு ஏற்ற வேரையும் அறிதல் வேண்டும். மெண்டலேயெவின் கட்டுரையைச் சுருக்கியவரிடம் காணப்பட்ட குறை இம்மூன்றும் ஒருங்கே வாயாமையேயாம்.

இரண்டாம் உலகப்போரின் பின்னர் நிலைமை மீண்டும் மாறிற்று. 1957ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் நாள் சோவியத்து நாடு ஸ்புட்னிக் என்னும் செயற்கைக்கோளை ஏவியபோது அமெரிக்கா திடுக்குற்றது. ருஷ்ய மொழியில் வெளிவந்த விஞ்ஞானத்தைப் படிக்க வல்லவர் அந்நாட்டிற் போதிய அளவில் இல்லை. 1958ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம், விஞ்ஞானம், கணிதம், இக்கால அயன்மொழிகள் ஆகிய மூன்றனையும் ஒருங்கே வைத்து நிதி வழங்கிற்று. ருஷ்யப் பௌதிகச் சஞ்சிகை ஒன்றினை முதலிலிருந்து முடிவுவரை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிடும் முயற்சி 1955ஆம் ஆண்டிலேயே தொடங்கியிருந்தது. இயந்திரத்தால் ருஷ்ய மொழியை ஆங்கிலமாக்கும் சோதனை 1954ஆம் ஆண்டிற் காட்டப்பட்டுப் பெரும் நம்பிக்கையை எழுப்பிற்று. ஆனால் 1966ஆம் ஆண்டில் வெளிவந்த அறிக்கை ஒன்று அந்நம்பிக்கையைத் தளர்த்தியது.

அதன்பின் ஆங்கிலமே விஞ்ஞானத்தின் பொதுமொழியாய் ஓங்கிற்று. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல, கலாநிதிப் பட்டத்திற்குரிய அயன்மொழி நிபந்தனையைத் தளர்த்தின அல்லது கைவிட்டன. மறுபுறத்தில், விஞ்ஞானத்தோடு ஜேர்மன் அல்லது பிரெஞ்சு மொழியைச் சேர்த்துப் பயின்று, ஓராண்டை அம்மொழி வழங்கும் நாட்டிற் கழிக்கும் பாடநெறிகளும் பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் அமைந்தன. 1987ஆம் ஆண்டில் ஐரோப்பாவில் தொடங்கிய எராஸ்மஸ் திட்டம், மாணவர் நாடுவிட்டு நாடு சென்று பயில்வதற்கு வசதி செய்தது. டிண்டலும் பிராங்லண்டும் தம் கைப்பொருளைச் செலவிட்டு நடந்த வழி, பிற்காலத்திற் பொதுவழியாயிற்று.

ஆங்கிலம் ஒன்றே போதும் என்ற கருத்து இன்று முன்னிலும் வலுப்பெற்றுள்ளது. இயந்திர மொழிபெயர்ப்பும் 1966ஆம் ஆண்டில் எவரும் எதிர்பாராத அளவிற்கு வளர்ந்துள்ளது. இவற்றின் பயனை மறுத்தல் பேதைமை. ஆயினும் மலேரியாவைத் தீர்க்கும் ஆட்டமிசினின் என்னும் மருந்துபற்றிச் சீன அறிஞர் 1977ஆம் ஆண்டில் தம் மொழியில் வெளியிட்ட கட்டுரை நினைவுகூரத்தக்கது. அம்மருந்து பிற நாடுகளிற் பரவுதற்குப் பல ஆண்டுகள் சென்றன. அரசியல் முதலிய பிற காரணங்களும் அதற்கு உண்டெனினும், மொழி என்னும் மதிலும் அவற்றுள் ஒன்றாம். அக்கண்டுபிடிப்பிற்காக 2015ஆம் ஆண்டிலே தூ யூயூ என்ற பெண்மணி நோபெல் பரிசு பெற்றார். ஆங்கிலத்தில் இல்லாதது அறிவே அன்று எனக் கருதும் விஞ்ஞானி, தன் பலகணிகளுள் ஒன்றைத் தவிர ஏனையவற்றை மூடிக்கொள்கிறான்.

இயந்திரம் தரும் மொழிபெயர்ப்பு எத்துணைச் சிறப்புடையதாயினும் அதனை நிறுத்துப் பார்க்கும் மனிதன் வேண்டும். 1869ஆம் ஆண்டிற் பிழைபட்ட அந்த ஒரு சொல், இலக்கணத்திற்கு இசைந்தே நின்றது. வாக்கியமும் பொருள் தந்தது. தந்த பொருளே தவறானது. இத்தகைய பிழையைக் காணும் கண், துறையறிவும் மொழியறிவும் ஒருங்கே கூடிய இடத்திற்றான் திறக்கும். அக்கூட்டத்தை உண்டாக்குதல் பல்கலைக்கழகங்களின் கடமையாம்.

பல்கலைக்கழகம் புகும் விஞ்ஞான மாணவன் எம்மொழியைத் தெரிதல் வேண்டும் என்பது அவன் துறையையும் காலத்தையும் பொறுத்தது. சாகாவின் காலத்தில் அது ஜேர்மன். ஸ்புட்னிக்கின் காலத்தில் அது ருஷ்யம். இனி அது சீனமாகவோ யப்பானியமாகவோ இருக்கலாம். எம்மொழியாயினும் நாளொன்றிற்குச் சிறுபொழுது ஒதுக்கி, மூன்றாண்டுகள் தளராது பயின்றால் துறைநூலைப் படிக்கும் ஆற்றல் கைகூடும். டாக்காக் கல்லூரியில் ஜேர்மன் இலக்கணத்தைப் பயின்ற சிறுகடைக்காரர் மகன், அது தன்னை விண்மீன்கள்வரை கொண்டு செல்லும் என்று அன்று அறிந்திருக்கமாட்டான். கற்கும்போது பயன் தோன்றாமை கல்விக்கு இயல்பே. பயன் தோன்றும் வேளையிற் கற்றுக்கொள்ளலாம் என்று காத்திருப்பவனுக்கு, அவ்வேளை வந்து கடந்து சென்றதும் தெரியாது போகும்.